“என்ன சாப்பிட்டனி?” எண்டு கேட்கிறதை நிப்பாட்டுவம்

வயிற்றில் ஏதும் பிழைத்தால் எங்கட வீடுகளில் முதலாவது கேள்வி இதுதான். அம்மா கேட்பா, பக்கத்து வீட்டு அன்ரி கேட்பா, விடுதியில் கூட இருக்கிறவை கேட்பினம், சில நேரம் ஓபிடியில் இருக்கிற டொக்டரும் துண்டில எழுதிக்கொண்டே அதையேதான் கேட்பார். கேள்வி அக்கறையாகத்தான் தொடங்கும். ஆனால் அதுக்குள்ள ஒரு தீர்ப்பு ஒளிச்சிருக்கு: இந்த வருத்தம் உன்ர வாயால வந்தது. கடைக் கொத்து, உறைப்பு, நேரத்துக்குச் சாப்பிடாதது, பிந்திப் படுக்கிறது. ஒருநாள் வயிற்றோட்டத்துக்கு இந்தக் கேள்வி போதும். மாதக்கணக்கில் இரத்தமும் சீதமும் போகிற, நிறை குறைகிற, நடுச்சாமத்தில் எழுப்பி ஓட வைக்கிற ஒரு நோய்க்கு முன்னால் இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டு நிற்பது ஆபத்து என்று நாங்கள் நினைக்கிறோம்.

நாங்கள் கதைக்கிறது குடல் அழற்சி நோயைப் பற்றி. அதில் முக்கியமான வகை இரண்டு. வாயிலிருந்து குதம் வரை உணவுப்பாதையின் எந்தப் பகுதியிலும் வரக்கூடியது குரோன் நோய்; 1932இல் நியூயோர்க்கில் பரில் குரோனும் கூட இருந்த இரண்டு மருத்துவர்களும் அதை விவரித்து எழுதியதால் அந்தப் பெயர். மற்றது பெருங்குடலோடு நிற்கிற அல்சரேற்றிவ் கொலைற்றிஸ். இரண்டும் எந்த வயதிலும் வரலாம் என்றாலும், அதிகமாகத் தலைகாட்டுவது பதின்ம வயதின் கடைசிக்கும் முப்பதுகளின் நடுவுக்கும் இடையில். அதாவது ஏஎல் எடுக்கிற, கம்பஸ் போற, முதல் வேலை தேடுற வயசு. எங்கட வயசு.

இலங்கையில் இது அரிது. கொழும்பு, கம்பஹா மாவட்ட வைத்தியசாலைகளை வைத்துச் செய்யப்பட்டு 2010இல் வெளிவந்த ஆய்வில், ஒரு இலட்சம் பேருக்கு 5.3 பேரிடம் அல்சரேற்றிவ் கொலைற்றிஸும் 1.2 பேரிடம் குரோன் நோயும் இருந்தன. இலங்கையும் சேர்ந்த எட்டு ஆசிய நாடுகளை அவுஸ்திரேலியாவோடு ஒப்பிட்டு 2013இல் வந்த ஆய்வில், ஒரு வருசத்தில் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டவர்கள் ஆசியாவில் இலட்சத்துக்கு 1.37, அவுஸ்திரேலியாவில் 23.67. ஆனால் அரிது என்பதில் ஆறுதல் ஒன்றும் இல்லை. அரிதான நோய் வந்த ஆளைச் சுற்றி அதைப்பற்றித் தெரிந்தவர்களும் அரிதாகத்தான் இருப்பார்கள். எங்கட வட்டத்தில் ஒருத்திக்கு ஒன்றரை வருசம் மூலவருத்தம் எண்டு பூசுமருந்து குடுத்தார்கள். பிறகு காஸ்ரிக் எண்டார்கள். பிறகு சோதினைப் பயம் எண்டார்கள். கடைசியில் கொலனோஸ்கோபி செய்யும்போது அவள் பதினொரு கிலோ குறைந்திருந்தாள். அவ்வளவு காலமும் எல்லாரும் அவளிட்டக் கேட்டது அந்த ஒரு கேள்வியைத்தான்.

கலைப்பீடத்துப் பிள்ளைகளுக்கு இதில என்ன வேலை எண்டு நீங்கள் கேட்கலாம். ஒரு வருத்தத்துக்கு ஊர் சொல்லுற கதை பிழைச்சால் வருத்தக்காரர் படுகிற பாடும் கூடும். கதைகளைப் பிரிச்சுப் பார்க்கத்தானே எங்களுக்கு நாலு வருசம் படிப்பிக்கினம்.

சரி, குடலுக்குள் என்னதான் நடக்கிறது?

உணவுப்பாதையின் உட்பரப்பை விரித்தால் ஒரு ரெனிஸ் கோர்ட் அளவு வரும் எண்டு பாடப்புத்தகங்கள் கனகாலம் சொல்லி வந்தன. 2014இல் சுவீடனில் இரண்டு ஆய்வாளர்கள் திரும்பக் கணக்குப் பார்த்து அதைக் கிட்டத்தட்ட 32 சதுர மீற்றருக்கு இறக்கினார்கள். பாதி பட்மின்ரன் கோர்ட். இறங்கினாலும் அது சின்ன இடம் இல்லை. குடலுக்குள் ஒரு பக்கம் எண்ணித் தீராத பற்றீரியாக்கள், மற்றப் பக்கம் எங்கட குருதியும் இழையமும். நடுவில் நிற்பது ஒரேயொரு கல அடுக்கு. அதுவும் நாலைந்து நாளுக்கு ஒருக்காத் தன்னைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கும்.

இதை மதில் என்று நினைத்தால் மேற்கொண்டு ஒன்றும் விளங்காது. எங்கட பழைய கிடுகு வேலியை நினைச்சால் ஓரளவு கிட்ட வரலாம். வேலியில பொட்டு இருக்கும். சீனி கடன் வாங்கப் பக்கத்து வீட்டுப் பிள்ளை வந்து போகலாம், மாடு வரேலாது. குடலும் அப்படித்தான் இருக்கவேண்டும். தண்ணீர், உப்பு, குளுக்கோசு எல்லாம் உள்ளே வரவேண்டும், பற்றீரியா வரக்கூடாது. ஒரு கலத்தையும் அடுத்த கலத்தையும் சேர்த்துக் கட்டியிருக்கிற இறுக்கமான மூட்டுகளை 1963இல் மர்லின் ஃபார்குவாரும் ஜோர்ஜ் பலாடேயும் இலத்திரன் நுணுக்குக்காட்டியில் பார்த்து விவரித்தார்கள். அசையாத சீமெந்துப் பூச்சு மாதிரி ஒன்று என்றுதான் முதலில் எண்ணம் இருந்தது. பிறகுதான் ஒக்ளூடின், குளோடின் என்று அந்தக் கட்டுகளில் இருக்கிற புரதங்கள் ஒவ்வொன்றாகத் தெரியவந்தன. அந்தக் கட்டுகள் நாள் முழுக்க இளகியும் இறுகியும் கொண்டிருக்கின்றன என்பதும் தெரியவந்தது. வேலிக்கு வெளியே சீதப்படலமும் இருக்கிறது. பெருங்குடலில் அது இரண்டு அடுக்கு. உள் அடுக்கில் பற்றீரியா கிட்டத்தட்ட இல்லை என்று 2008இல் சுவீடன் ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

அப்போ கட்டை இளக்கிறது ஆர், இறுக்கிறது ஆர்? இங்கதான் நிர்ப்பீடனக் கலங்கள் வருகின்றன. அந்த ஒற்றை அடுக்குக்குள்ளேயும் அதன் கீழேயும் அவை பெருந்தொகையாகக் குடியிருக்கின்றன. வழமையான நாட்களில் அவை செய்யிற வேலையில் பெரும்பகுதி, பேசாமல் இருப்பது. மக்ரோபேஜ் எனப்படுகிற விழுங்கு கலங்கள் தப்பித்தவறி உள்ளே வருகிற பற்றீரியாவை விழுங்கும், ஆனால் ஊரைக் கூட்டாது. இன்னும் சில கலங்கள் இன்ரலூக்கின்-22 என்கிற தூதுப் புரதத்தைச் சுரந்து, காயப்பட்ட சுவரைத் திருத்தவும் சீதம் சுரக்கவும் உதவும். அமைதிப்படுத்துகிற ரி-கலங்களும் உண்டு. அவையும் விழுங்கு கலங்களும் அனுப்புகிற இன்ரலூக்கின்-10 என்கிற தூது எவ்வளவு பெறுமதியானது என்று 2009இல் தெரியவந்தது. அந்தத் தூதை வாங்குகிற ஏற்பி பிறப்பிலேயே பழுதாக இருந்த குழந்தைகளுக்கு, முதல் வயதுக்குள்ளேயே கடுமையான குடல் அழற்சி வந்திருந்தது. ஒரு சமாதானச் செய்தி போய்ச் சேராததால் ஒரு கைக்குழந்தையின் குடல் புண்ணாகிறது. அந்தக் குழந்தையிடம் போய் என்ன சாப்பிட்டனி எண்டு கேட்கேலுமோ?

நோய் வந்த குடலில் இந்த ஒழுங்கு குழம்புகிறது. குருதியில் இருந்து புதிதாக வந்து சேருகிற கலங்கள் விழுங்கு கலங்களாக முதிர்ந்து அடங்காமல் கோபத்தோடேயே நிற்கும். ரி.என்.எவ், இன்ரபெரோன்-காமா போன்ற தூதுப் புரதங்கள் அளவுக்கு மீறிச் சுரக்கும். இவை கலங்களுக்கு இடையிலான கட்டை இளக்குகின்றன, சுவர்க் கலங்களைப் புதுக்கலம் வந்து நிரப்ப முந்தியே சாகவும் வைக்கின்றன. அல்சரேற்றிவ் கொலைற்றிஸில் இன்ரலூக்கின்-13 இன்னொரு வேலை பார்க்கும்: தண்ணீரும் உப்பும் கசிகிற துவாரத்தை உண்டாக்குகிற ஒரு குளோடின் வகையைக் கூட்டிவிடும். நியூட்ரோபில் என்கிற வெண்குழியங்கள் சுவரையே ஊடறுத்துக் குடலின் உள்ளே போய் விழும். கசிந்த இடத்தால் பற்றீரியா வரும், வந்ததைப் பார்த்துக் கலங்கள் இன்னும் சுரக்கும், சுரந்ததால் இன்னும் கசியும்.

இதைக் கேட்டவுடன் எங்கட ஆக்களின் வாயில் வருகிற பழமொழி “வேலியே பயிரை மேய்ஞ்ச கதை”. பத்திரிகைகளின் சுகாதாரப் பக்கமும் கிட்டத்தட்ட அதைத்தான் எழுதும்: உடம்பைக் காக்க வேண்டிய படை உடம்பையே தாக்குகிறது. எங்களுக்கு இந்த வசனத்தில் திருப்தி இல்லை. இந்த நோயில் கலங்களின் கோபம் பெரும்பாலும் குடலில் வாழுகிற பற்றீரியாக்களை நோக்கியது. நடுவில் அகப்பட்டுச் சிதைவதுதான் சுவர். அதைவிடப் பெரிய காரணம், துரோகி எண்டு ஒரு கலத்தையோ ஒரு தூதையோ பிரிச்சுக் காட்டேலாது. அப்படிப் பிரிக்கப் போய் என்ன நடந்தது என்பதற்கு நல்ல உதாரணம் ஒன்று இருக்கிறது.

குரோன் நோயாளரின் அழன்ற குடலில் இன்ரலூக்கின்-17 கூடுதலாக இருப்பது தெரிந்த விசயம். அழற்சியைத் தூண்டுவதில் பேர் போன தூது அது. சொரியாசிஸ் என்கிற தோல் நோயிலும் அதுக்குப் பங்கு உண்டு. அதைத் தடுக்கிற செக்குகினுமாப் என்ற மருந்து சொரியாசிஸில் அருமையாக வேலை செய்தது. 2015இல் அமெரிக்காவில் அனுமதியும் கிடைத்தது. தோலில் சரியெண்டால் குடலிலும் சரிதானே? அப்படித்தான் 59 குரோன் நோயாளரிடம் அதைச் சோதித்தார்கள். முடிவு 2012இல் வெளிவந்தது. மருந்து உதவவில்லை. மருந்து எடுத்தவர்களில் பக்கவிளைவுகள் கூட, சிலருக்கு நோயே கூடியது. ஏன் என்பதற்கான ஒரு விடை பிறகு எலிகளில் கிடைத்தது. குடற்சுவர் காயப்படும்போது அதே இன்ரலூக்கின்-17தான் ஒக்ளூடினைச் சரியான இடத்தில் பிடித்து வைத்து, கட்டு அவிழாமல் பார்த்துக்கொள்கிறது என்று 2015இல் காட்டினார்கள். கலவரக்காரன் எண்டு பிடிச்சு அடைச்ச ஆள்தான் வேலி அடைச்சுக்கொண்டும் இருந்திருக்கிறார். இன்றைக்கும் சொரியாசிஸுக்கு அந்த மருந்தை எழுத முதல், குடல் அழற்சி இருக்கிறதா என்று மருத்துவர்கள் கவனமாக விசாரிப்பதுக்குக் காரணம் இதுதான்.

மறுபக்கமும் இருக்கிறது. ரி.என்.எவ்வைத் தடுக்கிற இன்ஃபிளிக்சிமாப் 1998இல் குரோன் நோய்க்கு அனுமதி பெற்றது, பலருக்கு வாழ்க்கையைத் திருப்பிக் குடுத்தது. அதை ஏற்றிய நோயாளரின் குடற்கசிவு குறைந்ததையும் அளந்து பார்த்திருக்கிறார்கள். ஆக, ஒரு தூதைத் தடுத்தால் சுவர் தேறுகிறது, இன்னொன்றைத் தடுத்தால் சுவர் கெடுகிறது. படை, எதிரி, துரோகி என்ற சொற்களை வைத்துக்கொண்டு இந்த வித்தியாசத்தை எப்படி விளங்கப்படுத்துவது? எல்லை, காவல், ஊடுருவல் எண்ட சொற்களோட வளர்ந்த சனம் நாங்கள். அந்தச் சொற்கள் விளங்கப்படுத்தியதைவிட மறைச்சது கூட எண்டு எங்களுக்குத் தெரியாதா?

ஒரு சின்ன விலகல். தமிழ்நாட்டில் இதை நோயெதிர்ப்பு என்பார்கள். சொல்லிலேயே எதிர்ப்பு இருக்கிறது. நாங்கள் பள்ளிக்கூடத்தில் படிச்ச சொல் நிர்ப்பீடனம். பீடனம் என்றால் வருத்துதல். நிர்ப்பீடனம், வருத்தம் இல்லாத நிலை. ஏஎல் உயிரியல் செய்த பெடியள் அந்தச் சொல்லைப் பார்த்துச் சிரிப்பினம், வாய்க்குள்ள நுழையாது எண்டு. குடலைப் பொறுத்தவரை அந்தச் சொல்தான் திறம் என்று எங்களுக்குப் படுகிறது. அதில் சண்டை இல்லை.

இதே குழப்பத்தில் காசு பார்க்கிற ஆக்களும் இருக்கினம். யூரியூப்பில் “குடல் ஓட்டை”, “குடல் சுத்தம்” எண்டு தேடிப் பாருங்கோ. களைப்பு, முகப்பரு, மறதி, கவலை எல்லாத்துக்கும் குடல் கசியிறதுதான் காரணம், இந்தப் பவுடரைக் குடிச்சால் அடைபடும் எண்டு ஒரு கூட்டமே கதைக்குது. கசிவு என்ற விசயம் உண்மை என்பதால்தான் இந்தப் பொய் எடுபடுகிறது. கசிவு நோய்க்கு முன்னமே இருக்கலாம் என்பதும் உண்மை. குரோன் நோயாளரின் உடன்பிறப்புகளும் பிள்ளைகளும் என்று 1,420 நலமானவர்களைக் கனடாவில் இருந்து நடத்தப்பட்ட ஒரு ஆய்வு வருடக்கணக்கில் பின்தொடர்ந்தது. அவர்களில் 50 பேருக்குப் பிறகு நோய் வந்தது. முன்கூட்டியே குடற்கசிவு கூடவாக இருந்தவர்களுக்கு நோய் வரும் வாய்ப்பும் கூடவாக இருந்தது. 2020இல் வெளிவந்த முடிவு இது.

ஆனால் கசிவு மட்டும் நோய் ஆகாது. குடற்சுவரின் கட்டு எப்பவும் சற்று இளகியே இருக்கும்படி மரபணு மாற்றிய எலிகளை 2009இல் ஒரு ஆய்வில் பார்த்தார்கள். அவை தம்பாட்டில் சாதாரணமாக வாழ்ந்தன, நோய் வரவில்லை. அழற்சியைத் தூண்டுகிற ரி-கலங்களை வெளியிலிருந்து செலுத்திய பிறகுதான் மற்ற எலிகளைவிட அவற்றுக்கு நோய் முந்தியும் கடுமையாகவும் வந்தது. இன்ரலூக்கின்-10 இல்லாத எலிகளில் வேறொரு பாடம். அவற்றுக்குக் குடல் அழற்சி வரும், ஆனால் பற்றீரியாவே இல்லாத கூட்டில் வளர்த்தால் வராது. சுவர், கலம், பற்றீரியா என்று மூன்று தரப்பு இருக்கிற சங்கதி இது. இதில ஒரு பவுடர் என்னத்தை அடைக்கப்போகுது?

“நிர்ப்பீடனத்தைக் கூட்டுங்கோ” என்ற புத்திமதியும் இதே சாதிதான். கொரோனாக் காலத்தில் கொத்தமல்லித் தண்ணியோட பழகின வாய், இப்ப எந்த வருத்தத்துக்கும் அதைச் சொல்லுது. குடல் அழற்சி உள்ளவர் எடுக்கிற மருந்துகளில் பல, ஸ்டீரோயிட், அசதயோப்ரின், இன்ஃபிளிக்சிமாப் என்று, நிர்ப்பீடனத்தை அடக்குகிற மருந்துகள். கொத்தமல்லி குடிச்சால் ஒண்டும் நடக்காது, குடியுங்கோ. ஆனால் “இந்த மருந்தெல்லாம் எதிர்ப்புச்சக்தியைக் குறைக்கும், நிப்பாட்டு” எண்டு சொந்தக்காரர் சொல்லி, டொக்டரிட்டக் கேளாமல் மருந்தை விட்டால் நோய் திரும்பி வரும். எங்கட நண்பிக்கு அப்படிச் சொன்னது ஒருவர் இல்லை. கோயில் திருவிழாவில் ஒரு மாமி, பஸ்ஸில் ஒரு அங்கிள்.

சாப்பாட்டுக்கு இதில பங்கே இல்லை என்று சொல்ல வரவில்லை. சிறுபிள்ளைகளின் குரோன் நோய்க்கு ஐரோப்பாவில் முதல் சிகிச்சையாகக் கொடுப்பது ஆறு முதல் எட்டு வாரங்கள் திரவ உணவு மட்டும். அதனால் பல பிள்ளைகளில் அழற்சி அடங்குகிறது, சுவர் ஆறுகிறது. சாப்பாட்டை மருந்தாக்கிப் பார்க்கிற அந்த வேலை வேறை, சாப்பாட்டை வைத்துக் குற்றவாளி பிடிக்கிற எங்கட பழக்கம் வேறை.

அந்தக் கேள்வியை விட்டால் பிறகு என்னத்தைக் கேட்கிறது? எவ்வளவு காலமா இருக்கு? இரத்தம் போகுதோ? இரவில் எழும்பவேண்டி வருதோ? நிறை குறைஞ்சிருக்கோ? வீட்டில் ஆருக்கும் இருந்ததோ? இதில் ரெண்டுக்கு ஓம் எண்டால், வெக்கத்தை விட்டிட்டு வைத்தியசாலைக்குப் போகவேண்டும். மலத்தில் கல்புரொற்றெக்ரின் என்று ஒரு சோதனை உண்டு. சுவரை ஊடறுத்து உள்ளே விழுகிற அந்த நியூட்ரோபில்களில் இருக்கிற புரதம் அது. வெறும் குடல் எரிச்சல் என்கிற ஐ.பி.எஸ்ஸையும், அழற்சி என்கிற ஐ.பி.டியையும் பிரித்துப் பார்க்க நல்லாய் உதவும். ஒரு எழுத்துத்தான் வித்தியாசம், ஆனால் ஐ.பி.எஸ்ஸில் சுவர் இப்படிப் புண்ணாகாது. இந்தச் சோதனை எல்லா இடத்திலும் செய்வதில்லை, தனியாரில் செய்தால் மாணவர் கைக்கு அது சின்னக் காசும் இல்லை. அதோட, எங்கட பக்கத்தில் குரோனும் குடல் காசநோயும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். ஒன்றுக்கு எழுதுகிற ஸ்டீரோயிட் மற்றதைக் கூட்டிவிடும் என்பதால், டொக்டர்மார் திரும்பத் திரும்ப ஸ்கேன், இழையப் பரிசோதனை என்று அலைய விடுகிறார்கள் என்று கோபப்படுகிறவர்கள் கொஞ்சம் பொறுக்கவேண்டும். அது அவர்கள் கவனமாக இருப்பதன் அடையாளம்.

கம்பஸுக்குள் இதெல்லாம் எப்படி நடக்கிறது என்று பார்த்தால் குடலை விட்டிட்டுத் திறப்புக்கோர்வையைப் பற்றித்தான் எழுதவேண்டி வருது. நோய் கூடின நாட்களில் எங்கட நண்பிக்கு ஒரு நாளில் பத்துத் தரம் போகவேண்டி இருந்தது. விரிவுரை மூன்றாம் மாடியில். பெண்களுக்கான ரொய்லெட் கீழ்த்தளத்தில். பின்னேரம் மூன்று மணிக்குப் பிறகு அது பூட்டு. திறப்பு ஒரு ஊழியரிட்ட, அவர் எங்க நிற்பார் எண்டு ஆருக்கும் தெரியாது. மாடியில் இருக்கிறது விரிவுரையாளர்களுக்கு மட்டும். அவள் செய்தது எல்லாரும் செய்யிறதுதான்: விரிவுரை இருக்கிற நாளில் காலையில் இருந்து ஒண்டும் சாப்பிடாமல் வாறது. பிறகு வாறதையே விட்டது. எண்பது வீத வரவுக்குக் குறைஞ்சதால் இரண்டு பாடத்துக்குச் சோதினை எழுத விடேல்லை. மெடிக்கல் குடுத்தவள்தான். அதில் “வயிற்றோட்டம்” எண்டு எழுதியிருந்ததாம். வயிற்றோட்டத்துக்கு ஒரு பருவம் முழுக்க லீவு குடுக்கேலாதாம்.

போன கிழமை நாங்கள் ஒரு கடிதம் எழுதினோம். கேட்டது மூன்று விசயம். நீண்டகால நோய் உள்ளவர்களின் வரவை எண்பது வீதக் கணக்கில் இருந்து தனியாகப் பார்க்கவேண்டும். மெடிக்கலில் நோயின் பெயரைக் கூட்டாளிமார் முன்னால் வாசிக்கக்கூடாது. மாடியில் இருக்கிற ரொய்லெட்டின் ஒரு திறப்பு மாணவரிட்ட இருக்கவேண்டும். இதுவரை 140 கையெழுத்து சேர்ந்திருக்கு. முதல் இரண்டையும் பீடச்சபைக்குக் கொண்டு போகலாமாம். திறப்பு விசயம்தான் கஷ்டமாம்.